மடிக்கணினியின் நினைவக வேகம்

உறுப்புக்களைத் தாமே தெரிந்து, தம் தேவைக்கேற்ற மடிக்கணினி ஒன்றை அமைப்பித்துக் கொள்ளும் வழக்கம் இன்று பரவியுள்ளது. அங்ஙனம் அமைப்பிப்போர் முன் வைக்கப்படும் விலைப்பட்டியலில், நினைவகம் என்னும் தலைப்பின்கீழ் 2666, 3200, 4800, 5600 என்றாற்போலும் எண்கள் காணப்படும். பெரும்பாலும் எண் உயருந்தோறும் விலையும் உயரும். பெரிய எண்ணே சிறந்தது எனக்கொண்டு அரிதில் தேடிய பொருளைச் செலவிடுவோர் பலர். அவ்வெண் எதனை அளக்கின்றது, எதனை அளக்கவில்லை என்பதை அறிந்தாலன்றி இத்தெரிவு நெறிப்படாது.

இன்றைய நினைவகத்தின் மூலக்கருத்து ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த றொபேட் டெனாட் என்பாருடையது. ஒரு திரான்சிஸ்ரரும் ஒரு கொள்ளளவியும் சேர்ந்து ஒரு பிற்றைக் காக்கும் அமைப்புக்கு அவர் 1968 இல் ஆக்கவுரிமை பெற்றார். கொள்ளளவியில் தங்கிய நுண்ணிய மின்னேற்றம் கசிந்து போவது. ஆதலின் இடையறாது புதுப்பிக்கப்படல் வேண்டும். அதனை உணர்ந்து படித்தற்கும் ஒரு குறித்த நேரம் வேண்டும். இந்நேரம், தலைமுறைகள் பல மாறியும், பெரிதும் குறைந்திலது. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் எஞ்சியவை எளிதில் விளங்கும்.

டி.டி.ஆர். என்பது இரட்டைத் தரவு வீதம் எனப் பொருள்படும். கடிகாரத் துடிப்பு எழும்போது ஒரு முறையும், விழும்போது ஒரு முறையும் தரவு செல்லும். எனவே டி.டி.ஆர்.4–3200 என்னும் நினைவகத்தின் துடிப்பு 1600 மெகாஹேட்ஸே. பரிமாற்றமே செக்கனுக்கு 3200 மில்லியன். 3200 மெகாஹேட்ஸ் என வணிகர் எழுதுவது பிழைவழக்கு. ஒரு பரிமாற்றத்தில் 8 பைற்று செல்லுமாதலின், செக்கனுக்கு 25.6 கிகாபைற்று பாயும். விலைப்பட்டியலின் எண் அளப்பது இப்பாய்ச்சலையே.

குளத்து மதகைத் திறந்தபின் முதல் நீர் வயலை அடையும் நேரம் ஒன்று; அதன்பின் ஒரு நாழிகையிற் பாயும் நீரின் அளவு வேறொன்று. வாய்க்காலை அகலமாக்கினால் பின்னது கூடும். முன்னது அதனாற் குறைந்துவிடாது. நினைவகத்தில் முன்னதைக் குறிப்பது சீ.எல். என்னும் எண். அது துடிப்புக்களின் தொகையேயன்றி நேரமன்று. டி.டி.ஆர்.3–1600, சீ.எல்.11 என்பதில் ஒரு துடிப்பு 1.25 நனோசெக்கன், பதினொன்றுக்கு 13.75 நனோசெக்கன். டி.டி.ஆர்.4–3200, சீ.எல்.22 என்பதில் ஒரு துடிப்பு 0.625 நனோசெக்கன், இருபத்திரண்டுக்கும் அதே 13.75! டி.டி.ஆர்.5–4800, சீ.எல்.40 என்பதிலோ அது 16.67 ஆக நீள்கின்றது. பாய்ச்சல் மும்மடங்காகியும் முதல் நீர் விரைந்து வந்திலது என்பது காண்க.

இனி, நினைவகம் தன் வேகத்தைத் தானே தீர்மானிப்பதன்று. செயலியும் தாய்ப்பலகையும் விதிக்கும் எல்லையை அது கடவாது. 2018 இல் வெளிவந்த இன்ரெல் கோர் ஐ7–8750எச் என்னும் செயலிக்கு விதித்த எல்லை 2666. அதனோடு 3200 நினைவகத்தைப் பொருத்தினும் அது பொதுவாக 2666 அளவிலேயே இயங்கும். மிகுதிக்குக் கொடுத்த விலை வீணே. வேகம் வேறுபட்ட இரண்டைச் சேர்த்துப் பொருத்தினால் மெதுவானதன் அளவே இரண்டுக்கும் அளவாகும். எக்ஸ்.எம்.பி. என்னும் மிகைவேகக் குறிப்புடன் விற்கப்படுவனவற்றில் எச்சரிக்கை வேண்டும். மடிக்கணினிகள் பல அக்குறிப்பைப் பொருட்படுத்தா. ஜெடெக் என்னும் தரநிர்ணய அமைப்பு வகுத்த வேகத்தையே நோக்கி வாங்குதல் தக்கது.

தலைமுறை மாறின் பொருத்துவதே இயலாது. பிறேம்வேர்க் நிறுவனம் 2023 இல் விற்ற 13 அங்குல மடிக்கணினி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே கூட்டினுள் இன்ரெல் பலகையை வேண்டினோர்க்கு டி.டி.ஆர்.4–3200, ஏ.எம்.டி. பலகையை வேண்டினோர்க்கு டி.டி.ஆர்.5–5600. முன்னதற்கு 260 முனைகள், பின்னதற்கு 262. ஒன்றன் நினைவகம் மற்றதன் பொருத்தியில் அமையாது. செயலியைத் தெரிந்தபோதே வேகமும் ஏறக்குறையத் தெரியப்பட்டுவிட்டது என்க.

இவற்றினும் பெரியதொரு வேறுபாட்டை வாங்குவோர் பலர் நோக்குவதில்லை. 5600 நினைவகம் ஒன்றே பொருத்தப்பட்டால் பாய்ச்சல் 44.8 கிகாபைற்று. 3200 நினைவகம் இரண்டு பொருத்தப்பட்டால் 51.2. மெதுவானவை இரண்டு விரைவான ஒன்றை வென்றன. 16 கிகாபைற்று வேண்டுவோர் ஒன்றாக வாங்காது எட்டெட்டாக இரண்டு வாங்குதல் இதனால் நன்று. பின்னர்ப் பெருக்கும் எண்ணமுடையோர் மட்டும் ஒரு பொருத்தியை வெறிதே விடலாம்.

இப்பாய்ச்சலால் மிகுந்த பயன் பெறுவோர், தனி வரைவியல் அட்டையின்றிச் செயலியினுள்ளேயே அடங்கிய வரைவியற் பகுதியை நம்பியிருப்போர். அப்பகுதிக்கெனத் தனி நினைவகம் இல்லை. பொது நினைவகத்தையே அது பகிர்கின்றது. கட்டுரை எழுதுவோர்க்கும் கணக்குப் பதிவோர்க்கும் 4800, 5600 என்பவற்றிடை வேறுபாடு தெரிவதரிது. அவர்க்கு வேண்டுவது கொள்ளளவே. நினைவகம் நிரம்பிவிடின் கணினி சேமிப்பகத்தை நாடும். அங்கே ஒரு முறை படித்தற்குப் பல்லாயிரம் நனோசெக்கன் கழியும். ஓரிரு நனோசெக்கனை விலைகொடுத்து வாங்கி, இடம் போதாமையால் பல்லாயிரத்தை இழப்பது எங்ஙனம் பொருந்தும்?

மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றாசிட்டு ஒட்டப்பட்டிருக்கும். கம்பிவழி குறுகுதலின் 7500 போன்ற வேகம் அங்கே கைகூடும். ஆயின் பின்னர் ஒரு கிகாபைற்றேனும் கூட்டல் இயலாது. கொள்ளளவைக் கட்டளையிடும் நாளிலேயே முடிவுசெய்தல் வேண்டும். இக்குறையை நீக்க, திருகாணியாற் பலகைமீது இறுக்கப்படும் காம்–2 என்னும் அமைப்பை ஜெடெக் 2023 டிசெம்பரில் வெளியிட்டது. அவ்வகையைச் சார்ந்த நினைவகம் 2024 இல் லெனோவோவின் திங்பாட் பி1 ஏழாந் தலைமுறை மடிக்கணினியில் இடம்பெற்றது. அதில் வேகத்தை இழவாமலே நினைவகத்தைக் கழற்றி மாற்றலாம்.