மாவே அரைக்காத காற்றாலை, வாசலில் கடலை விற்ற நட்சத்திரம்: பாரிஸின் மூலான் ரூஜ் கதை தெரியுமா?

2024 ஏப்ரல் 25, அதிகாலை சுமார் 2 மணி. பாரிஸ் நகரின் மூலான் ரூஜ் அரங்கில் அன்றைய கடைசி ஷோ முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. திடீரென்று கட்டடத்தின் உச்சியில் இருந்த சிவப்புக் காற்றாலையின் இறக்கைகள் பெயர்ந்து சாலையில் விழுந்தன. பெயர்ப் பலகையின் முதல் மூன்று எழுத்துகளும் கூடவே போயின. யாருக்கும் காயமில்லை. ஒரு மணி நேரம் முன்னால் நடந்திருந்தால் கதையே வேறு.

விடிந்ததும் உலகம் முழுக்க அதுதான் செய்தி. இறக்கை இல்லாத காற்றாலையைப் பார்க்க மக்கள் கூடி, போனில் படம் எடுத்தார்கள். ஆனாலும் அன்று இரவு ஷோ வழக்கம்போல நடந்தது.

ஒரு டான்ஸ் அரங்கின் போர்டு உடைந்ததற்கு ஏன் இவ்வளவு பரபரப்பு? அதற்கு 135 வருடம் பின்னால் போக வேண்டும்.

கேபரே என்றால் என்ன?

கேபரே என்றதும் நம்ம ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது பழைய படங்களின் கிளப் டான்ஸ்தான். வில்லன் சிகரெட் பிடிப்பார், பின்னணியில் ஜோதிலட்சுமி ஆடுவார். பாரிஸில் அந்த வார்த்தைக்கு முதலில் சாதாரண மதுக்கடை என்றுதான் பொருள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் அது மேஜையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே பாட்டு, நடனம், கிண்டல் எல்லாம் பார்க்கும் இடமாக மாறியது. தியேட்டர் மாதிரி வாய் மூடி உட்கார வேண்டியதில்லை. மூலான் ரூஜில் இன்னொரு வசதியும் இருந்தது. வந்தவர்களே எழுந்து ஆடலாம்.

ஏன் காற்றாலை?

மூலான் ரூஜ் என்றால் பிரெஞ்சில் சிவப்புக் காற்றாலை. அது இருப்பது மோன்மார்த்ர் குன்றின் அடிவாரத்தில். 1860 வரை இந்தக் குன்று பாரிஸ் எல்லைக்கு வெளியே தனி ஊராக இருந்தது. நகர வரி இல்லாததால் அங்கே மது மலிவு. திராட்சைத் தோட்டங்களும், மாவு அரைக்கும் நிஜ காற்றாலைகளும் இருந்தன. அவற்றில் இரண்டு இன்றும் குன்றின் மேல் நிற்கின்றன.

ஆனால் நாம் படத்தில் பார்க்கும் சிவப்புக் காற்றாலையில் ஒரு பிடி கோதுமைகூட அரைபட்டதில்லை. அது ஆரம்பத்திலிருந்தே விளம்பரத்துக்காக வைத்த செட்டிங். ஓவியர் அடோல்ஃப் வில்லெத் வடிவமைத்தது.

அதை வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜோசஃப் ஒல்லேர். ஸ்பெயினில் பிறந்தவர். குதிரைப் பந்தயத்தில் எல்லோரும் கட்டும் பணத்தை ஒன்றாகச் சேர்த்து, ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தவர் இவர்தான். மற்றவர் ஷார்ல் சிட்லர். சின்ன வயதில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்து முன்னுக்கு வந்தவர். கூட்டத்தின் மனசு என்ன கேட்கும் என்று இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

அவர்கள் திறந்த நேரமும் அப்படி. 1889 அக்டோபர் 6. பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டுக்காக உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த வருடம், ஈஃபிள் கோபுரம் புதிதாக எழுந்த அதே வருடம். பாரிஸ் முழுக்க வெளியூர்க் கூட்டம். மூலான் ரூஜ் தோட்டத்தில் மாபெரும் யானை உருவம் ஒன்றையும் நிறுத்தினார்கள். பணக்காரர்களும் கூலி வேலை பார்ப்பவர்களும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

கூட்டம் யாருக்காக வந்தது?

யானைக்கும் காற்றாலைக்கும் ஒரு தடவை வருவார்கள். மறுபடி மறுபடி வந்தது கான்கான் நடனத்துக்காக.

கான்கான் மூலான் ரூஜில் பிறந்ததல்ல. 1820, 30-களிலேயே பாரிஸ் தொழிலாளர்களின் ஆட்டக் கூடங்களில் இருந்தது. ஆரம்பத்தில் ஆண்களும் ஆடினார்கள். ஜோடி ஜோடியாக ஒழுங்காக ஆடும் குவாட்ரில் நடனத்தின் கடைசிப் பகுதியில், ஒழுங்கை மறந்து காலைத் தூக்கி உதைக்கும் ஆட்டமாக அது வளர்ந்தது. தலை உயரத்துக்கு உதை, கையூன்றிப் பல்டி, கடைசியில் இரண்டு காலையும் நேர்கோட்டில் விரித்துத் தரையில் 'தொப்'பென்று உட்காருவது. பார்க்க விளையாட்டு, உடம்புக்கு நரகம். அன்றைய பெண்கள் கணுக்கால் தெரியாமல் நடக்க வேண்டும் என்பது சமூக விதி. பாவாடையை இரண்டு கையாலும் தூக்கி ஆடினால் அதிர்ச்சி வராமல் இருக்குமா?

அந்த ஆட்டத்தின் ராணி லூயிஸ் வெபேர். 1866-ல் பாரிஸ் பக்கத்தில் கிளிஷியில் பிறந்தவர். அம்மா துணி வெளுக்கும் தொழிலாளி. மகளும் அதே வேலையில்தான் தொடங்கினார். மேடையில் அவருக்கு வந்த பெயர் 'லா கூலு', அதாவது தின்னிப்பண்டாரம். ஆடிக்கொண்டே வந்து, வாடிக்கையாளரின் கிளாஸை எடுத்து ஒரே மடக்கில் காலி செய்துவிடுவார். கால் நுனியால் ஆண்களின் தொப்பியைத் தட்டிவிடுவார். கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர்கள் தொப்பி பறிபோவதற்காகவே முன்னால் வந்து நின்றார்கள்!

இன்னொரு நட்சத்திரம் ஜேன் அவ்ரில். சிறுமியாக இருந்தபோது நரம்புக் கோளாறுக்காக பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். அங்கே நோயாளிகளுக்காக நடந்த ஒரு நடன விழாவில்தான் தனக்கு ஆட வரும் என்பதையே கண்டுபிடித்தார்.

ஒரு போஸ்டர் செய்த வேலை

1891-ல் மூலான் ரூஜ் ஒரு விளம்பர போஸ்டர் கேட்டது. வரைந்தவர் ஹென்றி தெ துலூஸ் லோத்ரெக், அப்போது வயது 27. பிரபு குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் இரண்டு தொடை எலும்பும் முறிந்து, அதன் பிறகு கால்கள் வளரவில்லை. மூலான் ரூஜில் அவருக்கென்றே ஒரு மேஜை உண்டு. போஸ்டரின் நடுவில் லா கூலு, பின்னணியில் கருப்பு நிழல்களாகக் கூட்டம். கல்லச்சில் அடித்துப் பாரிஸ் சுவர்களில் ஒட்டியதும் ஓவியர், ஆட்டக்காரி, அரங்கு மூன்று பேருக்கும் புகழ். லோத்ரெக் குடியால் உடல் கெட்டு 1901-ல் 36 வயதில் இறந்தார். அன்று சுவரில் பசை தடவி ஒட்டிய அந்த போஸ்டரின் பிரதிகள் இன்று மியூசியங்களில் இருக்கின்றன.

லா கூலுவுக்கு என்ன ஆனது?

மூலான் ரூஜ் பற்றிய பளபளப்பான வீடியோக்களில் அதிகம் வராத பகுதி இதுதான்.

1895-ல் லா கூலு மூலான் ரூஜை விட்டு வெளியேறினார். இத்தனை கூட்டமும் தனக்காக வருகிறது என்றால் தனியாகக் கடை போட்டாலும் வரும் என்று நம்பினார். கணக்கு தப்பில்லை, ஆனால் பலிக்கவில்லை. திருவிழாத் திடலில் சொந்தக் கொட்டகை போட்டார். அதன் முகப்புக்காகப் பெரிய திரை ஓவியங்கள் இரண்டை வரைந்து கொடுத்தவர் பழைய நண்பர் லோத்ரெக். மேடையில் பார்த்த ராணியை மண் தரையில் பார்க்கக் கூட்டம் வரவில்லை. பிறகு சிங்கம் பழக்கும் ஷோ நடத்தினார். அதுவும் நிலைக்கவில்லை. குடிப்பழக்கம், வறுமை. கடைசி வருடங்களில் நகர எல்லையில் ஒரு வண்டி வீட்டில் வசித்தார். மூலான் ரூஜ் பக்கத்துத் தெருக்களில் வறுத்த கடலையும் சிகரெட்டும் தீப்பெட்டியும் விற்றார். வாங்கியவர்களில் பலருக்கு இவர் யார் என்றே தெரியாது.

1929 ஜனவரியில் இறந்தார். அந்தக் கொட்டகை ஓவியங்களை ஒரு வியாபாரி துண்டு துண்டாக வெட்டி விற்றிருந்தார். பிறகு அரசு அவற்றை மீட்டு ஒட்டவைத்தது. இன்று அவை பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உற்றுப் பார்த்தால் ஒட்டுப் போட்ட கோடுகள் தெரியும்.

சர்ச்சை, தீ, சினிமா

சர்ச்சைகளுக்கும் பஞ்சமில்லை. 1893-ல் கலைக் கல்லூரி மாணவர்கள் இங்கே நடத்திய விழாவில் மாடல் பெண்கள் நிர்வாணமாக வந்ததாக வழக்கு. நீதிமன்றம் அபராதம் போட, மாணவர்கள் தெருவில் இறங்க, கலவரத்தில் ஓர் இளைஞர் உயிரே போனது. 1907-ல் எழுத்தாளர் கொலெத் மேடையில் தன் தோழி மிஸியை முத்தமிட்டார். அரங்கில் ரகளை. தொடர்ந்தால் மூடிவிடுவோம் என்று போலீஸ் எச்சரித்தது.

1915 பிப்ரவரியில், முதல் உலகப் போரின் நடுவே, மூலான் ரூஜ் தீப்பிடித்து எரிந்தது. ஆக, லோத்ரெக் உட்கார்ந்த அந்தக் கூடத்தை இன்று யாரும் பார்க்க முடியாது. இப்போது பார்ப்பது பிறகு கட்டி, பலமுறை மாற்றியது. 1920-களில் மிஸ்தேங்கெத் என்ற நட்சத்திரப் பாடகியின் பிரம்மாண்ட ஷோக்கள் நடந்தன. 1929-ல் பெரிய அரங்கு சினிமா தியேட்டராகிவிட்டது. பேசும் படம் வந்ததும் நாடகக் கொட்டகைகளுக்கு நம்ம ஊரில் நடந்தது அங்கேயும் நடந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போரில் பாரிஸ் நாஜிகளின் பிடியில் இருந்தபோது ஜெர்மன் வீரர்கள் இங்கே வந்து போனார்கள். 1944-ல் பாடகி எடித் பியாஃப் நிகழ்ச்சிக்கு முன்னால் பாட ஒரு இளைஞரைப் போட்டார்கள். பின்னாளில் பெரிய நடிகரான ஈவ் மோந்தான்தான் அவர்.

'F' சென்டிமென்ட்

இன்றைய மூலான் ரூஜின் வடிவம் 1950-களில் தொடங்குகிறது. 1951-ல் புதுப்பித்தார்கள். 1955-ல் கிளெரிகோ குடும்பம் உள்ளே வந்தது. 1957-ல் டோரிஸ் ஹாக் என்ற ஜெர்மன் நடனக் கலைஞர் அமைத்த பெண்கள் குழுதான் இன்றும் அவர் பெயரில் ஆடுகிறது. 1963-ல் 'ஃப்ரூ ஃப்ரூ' என்ற ஷோ சக்கைப்போடு போட, ஜாக்கி கிளெரிகோவுக்கு ஒரு சென்டிமென்ட் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு எல்லா ஷோவுக்கும் 'எஃப்' எழுத்தில்தான் பெயர். 1999-ல் தொடங்கிய ஷோவும் 'ஃபேரி'தான்.

2001-ல் வந்த ஹாலிவுட் படம் பார்த்தவர்களுக்கு ஒரு தகவல். நாயகி சதீன் முழுக்கக் கற்பனை. அதில் 'சம்மா சம்மா' என்ற இந்திப் பாட்டு வருவது மட்டும் நிஜம்!

சின்ன ஆறுதலான விஷயமும் உண்டு. இறகு வேலை செய்யும் பட்டறை, கையால் ஷூ தைக்கும் பட்டறை என்று மூட வேண்டிய நிலைக்கு வந்துகொண்டிருந்த பழைய தொழில்களில் சிலவற்றை மூலான் ரூஜே வாங்கி நடத்துகிறது. காரணம் எளிது. கான்கான் ஆடும் பூட்ஸைக் கடையில் ரெடிமேடாக வாங்க முடியாது.

இறக்கை திரும்ப வந்ததா?

வந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முன்பே, 2024 ஜூலை 5-ம் தேதி புதிய இறக்கைகளைப் பொருத்திவிட்டார்கள். சாலையிலேயே கான்கான் ஆடிக் கொண்டாடினார்கள். ஆனால் மோட்டார் தயாராகவில்லை. அவை மறுபடி சுற்றத் தொடங்கியது 2025 ஜூலையில்.

அந்த அரங்கிலிருந்து சில நிமிடம் நடந்தால் மோன்மார்த்ர் கல்லறைத் தோட்டம். நகருக்கு வெளியே பாந்தேன் கல்லறையில் புதைத்திருந்த லா கூலுவை, இறந்து 63 வருடம் கழித்து, 1992-ல் இங்கே கொண்டுவந்தார்கள்.