‘குட்டியானை’யின் பின் பிரேக்: வீட்டு வாசலிலேயே ஷூ மாற்றலாமா?

வெறும் வண்டியாகப் போகும்போது பிரேக் ‘நல்லாத்தான் பிடிக்குது’. அதே வண்டியில் அரை டன் வெங்காய மூட்டை ஏறியதும் கதை மாறுகிறது. மிதி பாதிக்கு மேல் உள்ளே போகிறது, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் வண்டி நிற்கிறது. பழைய மினி டிரக் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் அடிக்கடி சொல்லும் புகார் இது. இப்படி இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று, பின் சக்கரத்தின் டிரம் பிரேக்.

2005-ல் அறிமுகமான டாடா ஏஸ்தான் நம்ம ஊர் ‘குட்டியானை’. 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினோடு வந்த அந்தப் பழைய வண்டிகள் பல இன்னும் வாடகைக்கு ஓடுகின்றன. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பட்டறையில் வண்டியை விட்டால் ஒரு நாள் வாடகை போச்சு. அதனால் வீடியோ பார்த்து வாசலிலேயே ஷூ மாற்றிவிடலாம் என்று பலருக்குத் தோன்றுகிறது. ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்களால் முடிகிற வேலைதான். ஆனால், ஆபத்து இருக்கும் இடம் வேறு.

லோடு ஏறினால் மட்டும் ஏன்?

டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புச் சட்டி. அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் நிற்கும். மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் வீல் சிலிண்டர் அவற்றை வெளிப்பக்கம் தள்ள, லைனிங் டிரம்மின் உள்சுவரில் உரசுகிறது. காலை எடுத்ததும் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும், மிதியும் ஆழமாகப் போகும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாயும். வெறும் வண்டியில் வேலையின் பெரும்பகுதியை முன் டிஸ்க் பார்த்துக்கொள்வதால் பின்னால் இருக்கும் குறை தெரிவதில்லை. லோடு ஏறினால் எடை பின் சக்கரத்தின் மேல் உட்காருகிறது. தேய்ந்த ஷூவின் உண்மை நிலவரம் அப்போதுதான் வெளியே வரும்.

ஜாக்கிக்கு முன்னால்...

ஷூவைத் தொடும் முன்பே இந்த வேலையில் உயிர் போக வழி இருக்கிறது. டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை விடுவித்தே ஆக வேண்டும். ஹேண்ட் பிரேக் பிடிப்பதோ அதே பின் சக்கரங்களைத்தான். ‘கியரில் போட்டிருக்கேனே’ என்பதும் உதவாது. ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால், டிஃபரன்ஷியல் காரணமாக மற்றச் சக்கரம் தாராளமாக உருளும். அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கொடுக்கும் முட்டுக்கட்டை மட்டுமே. சமதளமான கெட்டித் தரை வேண்டும். வீல் நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே லேசாகத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஆக்ஸிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்புவதும், ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வைப்பதும் கூடாது. அந்தக் கல் எச்சரிக்கை தராமல் நொறுங்கும்.

கேபினையும் பூட்டிவிடுங்கள். டிரம் வெளியே இருக்கும்போது வீட்டுக் குழந்தை ஏறி உட்கார்ந்து விளையாட்டாக மிதியை அமுக்கினால், வீல் சிலிண்டரின் பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும்.

ஊதாதீங்க!

டிரம்மைத் திறந்ததும் கருப்பாகத் தூசி கொட்டும். வாயால் ஊதுவதும், காற்றடிக்கும் பைப்பைக் காட்டுவதும் பட்டறைகளில் சாதாரணமாகப் பார்க்கிற காட்சி. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பார்த்து மட்டும் லைனிங்கில் அது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. எனவே முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுவதே சரி. அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

சில நேரம் டிரம் வரவே வராது. உள்சுவர் தேய்ந்து விளிம்பில் மேடு விழுந்திருந்தால் ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். சுத்தியலால் ஓங்கி அடிப்பதை விட, பின்தட்டில் துளை இருந்தால் அதன் வழியே அட்ஜஸ்டரைத் தளர்த்துவது நல்லது. கழற்றிய டிரம்மில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச விட்டம் வழக்கமாகப் பொறித்திருக்கும். அதைத் தாண்டித் தேய்ந்திருந்தால் லேத்தில் கடைவதில் அர்த்தமில்லை, புதுசுதான்.

இனி ஷூ. எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்பதுதான் எல்லோரையும் குழப்பும் இடம். இதற்கு ஒரு வழி உண்டு: ஒரு பக்கத்தை முழுசாக முடித்து மூடிய பிறகே அடுத்த பக்கத்தைத் திறப்பது. குழப்பம் வந்தால் பிரிக்காத பக்கம் இருக்கிறது. இடம் வலம் மாறித் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கழற்றும் முன் மொபைலில் நாலு போட்டோ எடுத்தாலும் உதவும். ஸ்பிரிங் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து, கண்ணாடி போடாமல் தொட வேண்டாம். ஷூக்களை எப்போதும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பின்தட்டில் ஷூ உரசும் மேடுகளில் மட்டும், சூடு தாங்கும் கிரீஸ் கொஞ்சமாக. அது லைனிங்கில் படவே கூடாது.

வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் சொட்டினால், வாசல் வேலை அங்கேயே நிற்க வேண்டும். சிலிண்டர் மாற்றுவது, பைப்பில் காற்று எடுப்பது எல்லாம் செய்யத் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய வேலை. கெட்டியாக, நாற்றமடிக்கும் எண்ணெய் என்றால் அது பிரேக் ஆயில் அல்ல. ஆக்ஸில் சீல் போய் வரும் கியர் ஆயிலாக இருக்கும். சீலை மாற்றாமல் புது ஷூ போட்டால், அதுவும் சீக்கிரமே ஊறிவிடும்.

பலர் தவறுவது கடைசியில்தான். மிதி ஆழமாகப் போனால் ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கிச் சமாளிப்பார்கள். அது தேய்ந்த ஷூவை மறைக்குமே தவிர இடைவெளியைச் சரிசெய்யாது. முதலில் கேபிளைத் தளர்த்தி, டிரம்மை மாட்டி, கையால் சுற்றினால் லேசாக உரசும் அளவுக்கு அட்ஜஸ்டரைத் திருப்பி, அதன் பிறகு கேபிளுக்கு வர வேண்டும்.

சாவியைப் போடும் முன் மிதியைப் பலமுறை அமுக்கிப் பாருங்கள், கெட்டியாக நிற்க வேண்டும். ‘பஞ்சு மாதிரி’ இருந்தால் வண்டி நகரவே கூடாது. சரியாக இருந்தால் ஆள் இல்லாத சாலையில், லோடு இல்லாமல், மெதுவான வேகத்தில் பத்துப் பதினைந்து முறை நிதானமாகப் பிடித்து விட்டு, இடையிடையே ஆற விட வேண்டும். நிறுத்தியதும் இரண்டு பின் சக்கரங்களின் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்க ஷூ விடாமல் உரசுகிறது. அட்ஜஸ்டரைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். மூட்டை ஏற்றும் முன் வீல் நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.