பழைய மாருதி 800: பேரேட்டில் ஏறாத செலவு

கடைக்கும் வீட்டுக்கும் போய்வர மலிவாக ஒரு கார் போதும் என்று பழைய மாருதி 800 வைத்திருக்கும் வணிகர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. 1983 டிசம்பரில் வந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆகவே கைக்கு வருவது எதுவாயினும் பத்தாண்டுக்கு மேல் ஓடியதே.

796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். பெட்ரோல் அதிகம் கேட்காது. தொல்லை தருவது சூடுதான். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்ததைக் கவனியாமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். கோயம்பேட்டிலிருந்து திரும்புகையில் நமக்கே இது நேர்ந்தது. ஒரு ஹோஸ் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டியது, எஞ்சினைப் பிரிக்கும் வேலையாயிற்று. வாங்குமுன் கால் மிதியைத் தூக்கித் தரைத்தகட்டில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

25 கிலோ மூட்டை பத்து ஏற்றினால் 250 கிலோ. நான்கு ஆள் எடை முழுவதும் பின்பக்கம்! ஷாக் அப்சார்பர் என்ன செய்யும்? இதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸில் இருக்கிறது. தனியார் கார் பாலிசியில் சாம்பிளும் சொந்தச் சாமானும் தவிர வேறு சரக்கு ஏற்ற இடமில்லை. மூட்டையோடு விபத்து நேர்ந்தால் கிளெயிம் மறுக்கப்படலாம். பலர் இதை அறியார்.

15 ஆண்டு முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக உயர்ந்தது. பசுமை வரி தனி. ஆர்.சி. முடியும் தேதியைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.