கூதிர் நாளும் பொழுதறியும் அரும்பும்

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர்காலம் என்று நம் முன்னோர் வகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அறுவகைப் பெரும்பொழுதுகளுள் இஃது இரண்டாவது. கார்காலத்து மழை இடியும் மின்னலுமாக வந்து பெய்து ஓயும். கூதிர்காலத்து மழை அத்தகையதன்று. வானம் வெளுக்காது, தூறல் விடாது, வடக்கேயிருந்து வரும் வாடை நில்லாது. ஒருநாள் பெருமழையை எவரும் தாங்குவர். பல நாள் நீளும் சிறுதூறலையும் குளிரையும் இருளையும் தாங்குவதே அரிது. அதனைத் தாங்கும் வகையைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனரா? அறிந்திருந்தனர் எனில், அவ்வறிவு தோட்டப் பள்ளிகளில் பணியாற்றும் நமக்கு எவ்வாறு உதவும்? இவ்விரண்டு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

காற்று ஒன்று, கடல் வேறு

மதுரையில் வீசிய வாடைக்கும் மலேசியத் தோட்டத்தில் பெய்யும் மழைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. ஆண்டின் இறுதியில் ஆசியாவின் வட நிலப்பரப்பு பெரிதும் குளிர்கிறது. அங்குத் தேங்கிய குளிர்காற்று கனத்து, வெப்பமான தென்கடல்களை நோக்கி நகர்கிறது. நிலவுலகின் சுழற்சியால் அது தன் வலப்புறமாக விலகி, வடகிழக்குக் காற்றாக நம்மை வந்தடைகிறது. வங்கக் கடலின் ஈரத்தை முகந்து செல்லும் காற்று தமிழகத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தருகிறது. தென்சீனக் கடலின் ஈரத்தை முகந்து வரும் காற்று நவம்பர் முதல் மார்ச்சு வரை இத்தீபகற்பத்தின் கிழக்குப் பகுதியில் மழையைத் தருகிறது. 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் ஜொகூர் மாநிலத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியதும், 2014 டிசம்பரில் கிளந்தான் மக்களை வீடிழக்கச் செய்ததும் இப்பருவத்து மழையே. நக்கீரனார் பாடிய வாடையும் நம் மழைக்காற்றும் உடன்பிறந்தவை என்று சொல்லலாம்.

வெப்பமானி காட்டும் அளவை மட்டும் நோக்கினால் நம் நாட்டுக் குளிர் பெரிதாகத் தோன்றாது. தொடர்மழை நாளில் நண்பகலிலும் 24, 25 பாகை செல்சியசு என்று காட்டுவதுண்டு. ஆயினும் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். காரணம் ஈரம். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். நனைந்த சட்டை உடலின்மேல் உலரும்போது, அவ்வெப்பத்தின் பெரும்பகுதியை உடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. காற்றும் வீசினால் இழப்பு இன்னும் விரைவாகும். ஆதலால் நனைந்து வந்த பிள்ளையை, "இதுவும் ஒரு குளிரா?" என்று கேட்பது அறியாமை. உலர்ந்த சட்டை ஒன்றை எடுத்துக் கொடுப்பதே அறிவு.

நெடுநல்வாடையில் ஒரு நகரம்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளை உடையது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைக் குறித்துப் பாடியது. 1889இல் உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது இதுவும் அச்சில் வந்தது. இப்பாட்டு அகமா, புறமா என்னும் வழக்கு புலவர்களிடையே நெடுங்காலமாக நடந்து வருகிறது. அவ்வழக்கினுள் நாம் இன்று புகவேண்டுவதில்லை. ஒரு நகரம் நீண்ட மழைக்குளிரை எவ்வாறு தாங்கியது என்பதை மட்டும் இதனுள் தேடுவோம்.

பாட்டின் தொடக்கத்தில் வெள்ளத்துக்கு அஞ்சி மாடுகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டிச் சென்ற ஆயர்கள் வருகின்றனர். பழகிய நிலத்தைப் பிரிந்த வருத்தம் ஒருபுறம். தலையில் சூடிய மாலையிலிருந்து வடியும் நீர் மறுபுறம். அவர்கள் ஒருங்கு கூடித் தீயில் கைகாய்ந்தும் கன்னம் புடைத்து நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. குரங்குகள் குறுகிக் கிடக்கின்றன. பறவைகள் மரத்திலிருந்து விழுகின்றன. கறவைப் பசுக்கள் பால் குடிக்க வந்த கன்றை உதைத்துத் தள்ளுகின்றன. தாய்மையையும் மறக்கச் செய்யும் குளிர் என்று புலவர் நமக்கு உணர்த்துகிறார்.

அடுத்து நகரம் வருகிறது. அங்கு இல்லங்களில் நிகழும் மாற்றங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். வேனிலில் வீசிய அழகிய விசிறி சுருக்கித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அதன்மேல் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. சந்தனம் அரைக்கும் வட்டக்கல் வேலையின்றிக் கிடக்கிறது. தென்றல் வருவதற்கென்று அமைத்த சாளரங்கள் தாழிடப்பட்டுள்ளன. குறுகிய வாயையுடைய கன்னலில் குளிர்ந்த நீர் இருக்கிறது, குடிப்பார் இல்லை. அகன்ற வாயையுடைய தடா ஒன்றில் நெருப்பு இருக்கிறது. எல்லாரும் அதனைச் சூழ்ந்திருக்கின்றனர். மகளிர் மாலை மிகுதியாகச் சூடாமல் சில மலரே முடிந்து, அகில் புகைக்கின்றனர். ஆடல் மகளிரின் யாழ் நரம்பு குளிரால் பதம் கெட்டிருக்கிறது. அவர்கள் அதனைத் தம் மார்பின் வெம்மையில் தடவிச் சூடேற்றிப் பண்ணுக்கு ஏற்பச் சரிசெய்கின்றனர்.

இவற்றுள் எச்செயலும் பெரிதன்று. ஆனால் ஒவ்வொன்றும் பருவத்தோடு பிணங்காமல் பொருந்தி வாழும் செயல். விசிறியை அவர்கள் எறிந்துவிடவில்லை. வேனில் மீண்டும் வரும் என்று மாட்டி வைத்தனர். யாழையும் மூலையில் சாத்திவிடவில்லை. குளிருக்குரிய முயற்சி ஒன்றைக் கூட்டிப் பாட்டைத் தொடர்ந்தனர்.

புறாவும் மகளிரும்

நெடுநல்வாடையில் நான் மிகவும் போற்றும் பகுதி இனி வருவது. மூட்டமான வானத்தால் உயிர்கள் இழப்பது வெப்பத்தை மட்டுமன்று, பொழுதையும் இழக்கின்றன. கதிரவன் தோன்றாதபோது காலை எது, மாலை எது? இதனைக் காட்ட நக்கீரனார் ஒரே நகரத்தில் இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைக்கிறார்.

முதற்காட்சியில் மகளிர் பித்திகத்தின் அரும்புகளைப் பூந்தட்டில் இட்டு வைத்திருக்கின்றனர். அவை இதழ் அவிழ்ந்து மணக்கின்றன. மணம் எழுந்ததும் மாலைப்பொழுது வந்தது என்று அறிகின்றனர். உடனே இரும்பால் செய்த விளக்கில் நெய்த்திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். அடுத்த காட்சியில், மனையில் வாழும் செங்காற் புறா தன் பெடையோடு மன்றில் இரை தேடச் செல்லாமல் இருக்கிறது. இரவு என்றும் பகல் என்றும் அறியாது மயங்கி, இறப்பின் பலகையில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறது.

மழை ஒன்றே, நகரமும் ஒன்றே. புறா வானத்தை நம்பியிருந்தது. வானம் கைவிட்டதும் பொழுதை இழந்தது. மகளிர் ஓர் அரும்பைக் கேட்டுப் பொழுதை அறிந்தனர். அறிந்ததோடு நில்லாமல் அப்பொழுதுக்குரிய கடமையையும் செய்தனர். நீண்ட மழைநாளில் மனம் சோர்ந்து போவதற்கும் போகாமலிருப்பதற்கும் உள்ள வேறுபாடு இவ்விரு காட்சிகளில் அடங்கியிருக்கிறது.

அரும்புக்குப் பொழுது தெரிந்தது எவ்வாறு?

கதிரவன் மறைந்திருக்க, அரும்பு எவ்வாறு மாலையை அறிந்தது? 1729இல் பிரெஞ்சு வானநூலார் தே மைரான் தொட்டாற்சிணுங்கி இனத்துச் செடி ஒன்றை ஒளி புகாத இடத்தில் வைத்து ஆராய்ந்தார். பகலில் இலை விரிவதும் இரவில் கூம்புவதும் இருளிலும் மாறாமல் நடந்தன. உயிர்களுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இயங்குகிறது என்னும் கருத்துக்கு இவ்வாய்வே வழிவகுத்தது. அக்கடிகாரம் உயிரணுவுக்குள் இயங்கும் முறையைப் பழ ஈக்களில் ஆராய்ந்து விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மனித உடலிலும் இத்தகைய கடிகாரம் உண்டு. அது தானே ஓடும். ஆனால் மிகச் சரியாக ஓடாது. நாள்தோறும் கண்வழியே புகும் ஒளியே அதனைத் திருத்துகிறது. குளிர்நாடுகளில் பகல் மிகக் குறுகும் மாதங்களில் சிலர்க்கு உண்டாகும் உளச்சோர்வை நார்மன் ரோசந்தாலும் அவர்தம் குழுவினரும் 1984இல் ஒரு நோயாக விளக்கினர். நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள நம் நாட்டில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணியே. ஆகவே அந்நோயை இங்குள்ள மழைச்சோர்வோடு ஒன்றாக்குதல் பிழை. ஆயினும் ஒளியின் தேவை நமக்கும் உண்டு. மழை மூடிய நண்பகலிலும் திறந்த வெளியில் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான லக்ஸ் ஒளி இருக்கும். சன்னல் அடைத்த அறையில் மின்விளக்கின்கீழ்ச் சில நூறே இருக்கும். மழைக்கு அஞ்சிக் கதவடைப்போர், வானத்தில் எஞ்சியிருக்கும் ஒளியையும் தாமே தள்ளிவிடுகின்றனர்.

தோட்டத்தில் கண்டது

நான் இரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து வீணாகும். மங்கில் விழுந்த பாலிலும் மழைநீர் கலக்கும். ஆகவே மழைநாளில் பால்வெட்டு இல்லை. வேலை இல்லையெனில் கூலியும் இல்லை. அத்தகைய நாள்களில் லயத்தில் பலரும் உச்சிவரை படுத்திருப்பர். என் அன்னையார் மட்டும் வழக்கம்போல் விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார். அடுப்பு மூட்டுவார், பால்வெட்டும் உளியைத் தீட்டி வைப்பார், மாலை ஆறரைக்கு விளக்கேற்றுவார். "வேலை இல்லாத நாளில் எதற்கம்மா இவ்வளவு சீக்கிரம்?" என்று ஒருமுறை கேட்டேன். "வேலைதான் இல்லை, நாள் இருக்கிறதே!" என்றார். அவருக்கு எழுத்தறிவு இல்லை. பித்திக அரும்பின் கதையை அவர் கேட்டதில்லை. ஆயினும் அப்பாட்டின் பொருளை வாழ்ந்து காட்டினார்.

நானோ, ஆசிரியர் பயிற்சியின்போது நெடுநல்வாடையை அருஞ்சொற் பட்டியலாகவே படித்தேன். தலைமையாசிரியரான முதல் சில ஆண்டுகளில் மழை வந்தால் பள்ளியைத் தளரவிட்டேன். மணி பத்து நிமிடம் பிந்தும், காலைக்கூட்டம் நில்லாது, சன்னல்கள் அடைபடும், பிள்ளைகள் பார்த்தெழுதிக்கொண்டிருப்பர். நாங்கள் அனைவரும் அந்தப் புறாவைப் போல் கால் மாற்றி நின்றோம்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

பின்னர் நாங்கள் கைக்கொண்ட முறைகள் எளியவை. மழை எவ்வளவு பெய்தாலும் மணி குறித்த நேரத்தில் அடிக்கப்படும். காலைக்கூட்டம் திடலில் இயலாவிட்டால் தாழ்வாரத்தில் நடைபெறும். காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் அப்பக்கச் சன்னல்களை மட்டும் அடைத்து, மறுபக்கத்தைத் திறந்து வைக்கிறோம். முதற்பாடத்தின் வாய்விட்டுப் படிக்கும் பகுதி, சாரல் படாத தாழ்வாரத்தில் நடக்கிறது. பழைய சட்டைகளும் துண்டுகளும் துவைத்து ஓர் அலமாரியில் வைக்கப்பட்டுள்ளன. நனைந்து வரும் பிள்ளை எவரையும் கேளாமல் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

தொட்டாற்சிணுங்கி நம் தோட்டங்களில் எங்கும் முளைப்பது. அதனைத் தொட்டியில் வளர்த்து, ஒருநாள் மாலை இருண்ட அலமாரியில் வைத்து, மறுநாள் காலை திறந்து காட்டுங்கள். இருளிலும் இலை விரிந்திருப்பதைப் பிள்ளைகள் காண்பர். அதன்பின் நெடுநல்வாடையின் மகளிரைப் பற்றிச் சொல்லுங்கள். அறிவியலும் இலக்கியமும் அன்று ஒரே பாடமாகும்.

அரண்மனையும் பாசறையும்

இத்துணையும் செய்தால் போதுமா? போதாது என்கிறது பாட்டின் பிற்பகுதி. அரண்மனையில் நல்ல கட்டிலும் விளக்கும் காவலும் பணிமகளிரும் உண்டு. வாடை உட்புக வழியில்லை. ஆயினும் கணவனைப் பிரிந்த அரசி ஆறாத்துயரில் இருக்கிறாள். பாசறையிலோ நள்ளிரவு, வாடை அடிக்குந்தோறும் விளக்கின் சுடர் தெற்கே சாய்கிறது. அங்கு அரசன் உறங்கவில்லை. சேறுபட்ட தெருவில், குதிரைகள் தம்மேல் விழும் துளிகளை உதற, வெண்குடையின்கீழ்ச் சிலரோடு நடந்து செல்கிறான். புண்பட்ட வீரர்களைப் படைத்தலைவன் ஒவ்வொருவராகக் காட்ட, அவர்களைக் கண்டு ஆற்றுகிறான். இவன் குளிரைப் பொருட்படுத்தவில்லை. பிறருடைய துன்பத்தைக் காணப் புறப்பட்டவனுக்குத் தன் குளிர் தோன்றவில்லை.

இதனை நான் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன். ஓர் ஆண்டு மழைக்காலத்தில் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் காரணம் எழுதும் இடத்தில் "மழை" என்று எழுதினேன். பத்தாம் நாள் வீட்டுக்குச் சென்றேன். கூரை ஒழுகி அவன் புத்தகங்கள் அனைத்தும் ஊறிப்போயிருந்தன. பள்ளிப் புத்தகத்தைக் கெடுத்துவிட்டோம், தலைமையாசிரியர் தண்டிப்பார் என்று அஞ்சி, இருண்ட அறையில் அவன் அமர்ந்திருந்தான். அவனை நிறுத்தியது மழையன்று. என்மேல் அவன் கொண்ட அச்சம். நான் முதல்நாளே சென்றிருந்தால் எட்டு நாளை அவன் இழந்திருக்கமாட்டான்.

அன்று முதல் காரணம் எழுதும் இடத்தில் "மழை" என்னும் சொல்லை எங்கள் பள்ளியில் எவரும் எழுதுவதில்லை. ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் ஆசிரியர் ஒருவர் குடையை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். அவர் திரும்பி வந்த பிறகே பதிவேட்டில் காரணம் எழுதப்படுகிறது.