கரிசல் வீட்டில் ஒரு பூந்தோட்டம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

மாசி மாதம் வந்துவிட்டால் நம் ஊரில் ஒரு புது மகிழ்ச்சி பிறக்கிறது. காலைப் பனி விலகுகிறது. வேப்பமரம் பழுத்த இலைகளை உதிர்த்துவிட்டுச் செந்நிறத் தளிர் விடுகிறது. தெருவில் செடி வண்டி வருகிறது. சிவப்பு ரோஜாவும் இட்லிப்பூவும் பல நிறக் குரோட்டன்சும் வண்டியில் ஆடி அசைந்து வருவதைக் கண்டால் யாருக்குத்தான் ஆசை வராது? ‘நம் வீட்டு முற்றத்திலும் ஒரு தோட்டம் போடுவோம்’ என்ற எண்ணம் அப்போதுதான் தோன்றும்.

சென்ற ஆண்டுக்கு முந்திய மாசியில் எனக்கும் அந்த ஆசை வந்தது. ரோஜா இரண்டு, இட்லிப்பூ இரண்டு, குரோட்டன்ஸ் இரண்டு என ஆறு செடிகள் வாங்கி நட்டேன். நாள்தோறும் நான்கு குடம் தண்ணீர் ஊற்றினேன். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அடுத்த தெருவிலிருந்து அம்மாதான் சுமந்து வந்தார்கள். பங்குனியில் இட்லிப்பூவின் இலைகள் மஞ்சளாயின. நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தன. சித்திரையில் ரோஜாக்கள் கருகின. செடியைச் சுற்றி மண் வெடித்து, என் கை நுழையும் அளவுக்குப் பிளந்து நின்றது.

“இந்த மண்ணில் ஒன்றும் வராது. ஒரு லாரி செம்மண் அடித்துவிடலாம்” என்றார்கள் அப்பா. ஆச்சி சிரித்தார்கள். “கரிசல்ல செம்மண்ணக் கொண்டாந்து கொட்டுனா ஆச்சா? ரெண்டு மழைக்கு எல்லாம் ஒரே சேறாப் போகும், தாயி” என்றார்கள். குற்றம் மண்ணிலா, என்னிலா? அதை அறிய விரும்பினேன். அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கரிசலின் குணம்

கரிசல் மண்ணில் களிமண் மிகுதி. அதில் மான்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம் இருக்கிறது. அது நீரைக் குடித்தால் உப்புகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. அதனால்தான் ஐப்பசியில் காலைப் பிடித்து இழுக்கும் அதே மண் சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கிறது. வெடிப்புகளின் வழியே ஆழத்தில் உள்ள ஈரமும் ஆவியாகிவிடுகிறது.

செடி வண்டியில் வரும் செடிகளின் வேரைச் சுற்றிச் செம்மண் உருண்டை இருக்கும். கரிசல் காய்ந்து சுருங்கும்போது அந்த உருண்டையை விட்டு விலகிவிட்டது. வேர் அந்தரத்தில் நின்றது. மேலும் கரிசலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது காரத் தன்மை உடையது. அத்தகைய மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் சில செடிகளால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. இட்லிப்பூ அத்தகைய செடி. இலை மஞ்சளானதன் காரணம் இதுவே. தண்ணீர் ஊற்றி இந்த நோயைத் தீர்க்க முடியாது.

ஆனால் இதே மண்ணுக்கு ஒரு பெருமையும் உண்டு. ஆழமாக நனைந்துவிட்டால் அது ஈரத்தை நெடுநாள் வைத்திருக்கும். மழை நின்ற பிறகும் பருத்தியும் சோளமும் மல்லியும் விளைவது அந்த ஈரத்தால்தான்.

சீமையில் ஒரு கற்தோட்டம்

பெத் சாட்டோ என்னும் அம்மையாரைப் பற்றி ஆங்கில நூல் ஒன்றில் படித்தேன். இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் வாழ்ந்த தோட்டக் கலைஞர் அவர் (1923 - 2018). அவர் இருந்த பகுதி இங்கிலாந்திலேயே மழை குறைந்த பகுதிகளுள் ஒன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்தான் மழை. நம் கோவில்பட்டிக்கோ ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். வியப்பாக இருக்கிறதல்லவா?

1990களின் தொடக்கத்தில், கார்கள் நிறுத்தப்பட்டு இறுகிப்போயிருந்த தம் சரளை நிலத்தை அவர் தோட்டமாக மாற்றினார். நிலத்தைக் கிளறி, மக்கிய எரு இட்டு, வறட்சியைத் தாங்கும் செடிகளை நட்டு, மேலே சிறு கற்களைப் பரப்பினார். செடிகள் வேர்பிடித்த பின் அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை என்று உறுதி எடுத்தார். அத்தோட்டம் இன்றும் பூக்கிறது. எந்தச் செடி எந்த நாட்டில் எத்தகைய நிலத்தில் தானாக வளர்கிறது என்பதை அவருடைய கணவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து வந்தார். அந்த அறிவைக் கொண்டு, இடத்துக்கு ஏற்ற செடியை வைப்பதே அம்மையாரின் கொள்கை.

அவரைப் பார்த்து அப்படியே நாமும் செய்யலாமா? கூடாது. அங்கே மழை ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் பெய்கிறது, வெயிலும் மென்மையானது. நமக்கோ ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. பிறகு நீண்ட கோடை. அங்கே வசந்தம் என்றால் குளிர் நீங்கிச் செடிகள் விழிக்கும் காலம். இங்கே மாசி என்றால் வறட்சி தொடங்கும் காலம். மாசியில் நட்ட என் ஆறு செடிகளும் பிழைத்திருந்தால் ஆவணி வரை ஏழு மாதங்கள் நீர் சுமந்திருக்க வேண்டும். நாளுக்கு நான்கு குடம் என்றால் 840 குடம்! கணக்குப் போட்ட அன்று அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

உழவர் காட்டும் வழி

நம் ஊரிலேயே இதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901ஆம் ஆண்டு முதல் மானாவாரிப் பயிர்களை ஆராய்ந்து வருகிறது. அங்கிருந்து வந்த பருத்தி வகைகள் நம் ஊரின் முதலெழுத்தான ‘கே’ என்ற எழுத்தைத் தாங்கியிருக்கின்றன. மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற பயிரைத் தேடுவதே அவர்கள் பணி. கரிசல் உழவர்கள் புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். முதல் மழையின் ஒரு துளியும் வீணாகாமல் இருக்கவே அப்படிச் செய்கிறார்கள். நம்முடைய நடவு வசந்தம் புரட்டாசியில்தான் வருகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்கள் வீட்டில் செய்த மாற்றங்கள்

லாரி செம்மண் வேண்டாம் என்று அப்பா ஒப்புக்கொண்டார்கள். கோடையில் குழிகள் தோண்டி வெயில் படவிட்டோம். மக்கிய சாணமும் சிறிது மணலும் அந்த மண்ணுடன் கலந்து நிரப்பினோம். மழைநீர் தேங்காமல் இருக்க, செடி நிற்கும் இடத்தை ஒரு சாண் உயர்த்தினோம். மண் உப்பிச் சுருங்குவதால் சுவர்களே வெடிக்கும் ஊர் இது. ஆகையால் மரத்துக்கான குழியைச் சுவரை விட்டுத் தள்ளி எடுத்தோம். சேறு ஒட்டாமல் நடக்க வாசலிலிருந்து பலகைக் கற்கள் பதித்தோம்.

புரட்டாசிக் கடைசியில் புங்கை, மருதாணி, அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, முருங்கை ஆகியவற்றை நட்டோம். வேலியில் சங்குப்பூ விதை ஊன்றினோம். அரளி விஷச்செடியாகையால் குழந்தைகளும் ஆடுகளும் எட்டாத மூலையில் வைத்தோம். பாத்திரம் கழுவும் நீர் ஓடும் இடத்தில் கறிவேப்பிலைக் கன்று வைத்தோம்.

தை மாதம் மண் வெடிக்கத் தொடங்கியதும் ஆச்சி களைக்கொத்தியை எடுத்தார்கள். மேல்மண்ணைக் கொத்தி வெடிப்புகளை மூடினார்கள். அதன்மேல் கடலைத் தோட்டையும் உதிர்ந்த வேப்பிலையையும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினோம். பெத் சாட்டோ அம்மையாருக்குச் சிறு கல். கடலைமிட்டாய் ஊர்க்காரர்களாகிய நமக்குக் கடலைத் தோடு! வேலை ஒன்றுதான்: வெயில் மண்ணைத் தொடாமல் காப்பது.

எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். முருங்கையை மட்டும் மேடு கட்டாமல் வைத்தேன். கார்த்திகை மழையில் நீர் தேங்கி அதன் வேர் அழுகிவிட்டது. அது என் தவறு. மற்றவை நிற்கின்றன. இந்த மாசியில் அவற்றுக்கு வாரம் ஒருமுறை, அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீருமே போதுகிறது. அம்மா தோட்டத்துக்காக ஒரு குடம்கூடச் சுமக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை

மண்ணுக்கு ஏற்றது என்பதால் எதையும் வளர்க்கலாமா? சீமைக்கருவேலத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்த மரத்துக்குக் கரிசல் வறட்சி மிகவும் பிடித்துப்போயிற்று. இன்று கண்மாய்க் கரைகளையும் தரிசு நிலங்களையும் நிரப்பி, மற்றச் செடிகளுக்கு இடமின்றிச் செய்கிறது. எனவே செடி நிலத்தைத் தாங்க வேண்டும். மற்றச் செடிகளையும் வாழவிட வேண்டும். சாலையோரம் தானாகப் பூத்து நிற்கும் ஆவாரையைப் பார்க்கும்போது, அடுத்த இடம் இதற்குத்தான் என்று முடிவு செய்திருக்கிறேன்.

முடிவுரை

பருவம் அறிந்து பயிரிடும்படி ஔவையார் நமக்குச் சிறு வயதிலேயே கற்பித்தார். அதை மனப்பாடம் செய்த நானே மாசியில் ரோஜா நட்டேன்! தோழியரே, இந்த மாசியில் உங்களுக்கும் ஆசை வந்தால் அதை அடக்க வேண்டாம். வேறு வேலை கொடுங்கள். முற்றத்தில் வெயில் எங்கே விழுகிறது, மழையில் நீர் எங்கே தேங்கியது, தெருவில் தண்ணீர் ஊற்றாமல் பசுமையாக நிற்கும் செடி எது என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். உதிரும் இலையை எரிக்காமல் சேர்த்து வையுங்கள். கோடையில் குழி எடுங்கள். புரட்டாசியில் நடுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகள் செடி கேட்டால் மறுக்காதீர்கள். ‘புரட்டாசியில் வாங்கலாம்’ என்று சொல்லுங்கள். எங்கள் முற்றத்துப் புங்கை இப்போது என் தோள் உயரம். இன்னும் சில ஆண்டுகளில் ஆச்சி அதன் நிழலில் கட்டில் போட்டு அமர வேண்டும் என்பதே என் ஆசை.