ஏர் கன் வாங்கப் போகிறீர்களா? எதைச் சுட என்று முதலில் முடிவு செய்யுங்கள்!

"நிலக்கடலை விதைத்த மூன்றாம் நாளே மயில்கள் வந்து விதையைக் கிளறித் தின்றுவிடுகின்றன. ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்கிறார்கள். எந்த மாதிரி வாங்கலாம்? பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனும் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பழக ஆசைப்படுகிறான்."

- வாசகர் ஒருவர், திருப்பூர் மாவட்டம்.

இது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. மயிலுக்காக என்றால் வாங்கவே வாங்காதீர்கள். மகனுக்காக என்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். ஒரே துப்பாக்கியால் இரண்டு வேலையையும் முடித்துவிடலாம் என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

மயிலைச் சுட்டால் என்ன ஆகும்?

துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றால், விலங்கைச் சுட அனுமதி உண்டு என்று அர்த்தமில்லை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது. கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான். முதல் அட்டவணை உயிரினம் என்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 'பயமுறுத்தத்தான் சுட்டேன்' என்ற பதில் எடுபடாது. குரங்கு, காட்டுப்பன்றிக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதிலும், அரை கிராம் பெல்லட்டால் காட்டுப்பன்றியைச் சீண்டினால் அது திரும்பி உங்கள் மேல்தான் பாயும்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த வட்டாரத்தில் ஒரு பெரியவர் கடலைக்காட்டில் மயிலைக் குறிவைத்தார். பெல்லட் வேலிக் கல்லுக்காலில் பட்டுத் தெறித்து, வரப்பில் நின்ற பேரனின் கண்ணில் பாய்ந்தது. மயில் பறந்துவிட்டது. பையனுக்கு அந்தக் கண்ணில் பார்வை திரும்பவே இல்லை. ஏர் கன்னை விளையாட்டுச் சாமான் என்று யாராவது சொன்னால், எனக்கு அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வரும்.

மகனுக்கு என்றால் எது?

10 மீட்டர் ஏர் ரைபிள், ஒலிம்பிக் விளையாட்டு. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இந்தியாவுக்காக ஒலிம்பிக்கில் களமிறங்கியதும் இதில்தான். எனவே, பையனின் ஆசை நியாயமானதே.

ஆயுத விதிகள், 2016-ன்படி, குழல் விட்டம் 4.5 மில்லி மீட்டருக்கு மேல் போகாமலும், விசை 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. போட்டிக்கும் 4.5 மி.மீ தான். 'இது 5.5 மி.மீ, பவர் ஜாஸ்தி' என்று கடைக்காரர் ஆசை காட்டினால் மயங்காதீர்கள். வேகத்தையும் கவனியுங்கள். அரை கிராம் பெல்லட் விநாடிக்கு 280 மீட்டர் வேகத்தில், அதாவது சுமார் 920 அடி வேகத்தில் போனாலே 20 ஜூலை நெருங்கிவிடும். காகிதக் குறியைச் சுட அதில் பாதி விசையே அதிகம்.

ஏர் கன்னில் மூன்று வகை உண்டு.

* ஸ்பிரிங் வகை: குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். கேஸ் வேண்டாம், பம்பு வேண்டாம். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். பழகுபவருக்கு இதுவே போதும்.
* காற்று நிரப்பும் வகை: அதிரடி இல்லாமல் துல்லியமாகச் சுடும். ஆனால், பம்பு அல்லது சிலிண்டர் தனிச் செலவு. போட்டிக்கான இறக்குமதி ரைபிள் லட்சத்தைத் தாண்டும்.
* கார்பன் டை ஆக்ஸைடு வகை: சின்ன உருளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிராமத்தில் அது கிடைப்பது சிரமம்.

கடையில் பார்க்க வேண்டியவை

பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். விசைப்பிடியை அவன் பிடித்து முழங்கையை மடக்கினால், கட்டையின் பின்முனை முழங்கை மடிப்பைத் தொட வேண்டும். அதைவிட நீண்டால் பெரியவர்களுக்கான அளவு. எடை 3 கிலோவுக்குள் இருக்கட்டும். குழலை அவனே மடக்கிப் பார்க்கட்டும். மூச்சு வாங்கினால் அது அவனுக்கு ஏற்றதல்ல. மடக்கி மூடிய குழல் ஆடக் கூடாது.

முடிந்தால் சுட்டுப் பாருங்கள். 10 மீட்டரில் மணல் மூட்டை மேல் தாங்கி ஐந்து பெல்லட் சுட்டால், ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்க வேண்டும். டெலஸ்கோப் வேண்டாம். குழல் மேல் உள்ள சாதாரணக் குறியிலேயே பழகட்டும். காகிதக் குறிக்குத் தட்டைத்தலை பெல்லட் வாங்குங்கள், துளை வட்டமாக விழும். அடையாள, முகவரிச் சான்று கொடுத்து, உங்கள் பெயரில் பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாத பழைய துப்பாக்கி பக்கமே போக வேண்டாம்.

வீட்டில் கட்டாயம்

துப்பாக்கி எப்போதும் குண்டு ஏற்றியது என்றே நினைத்துக் கையாளுங்கள். சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். பெல்லட் இல்லாமல் சுட்டால் ஸ்பிரிங் வகை சீக்கிரமே கெட்டுவிடும். மடக்கிய நிலையில் வைத்துவிட்டுப் போகவும் கூடாது. குறிக்குப் பின்னால் மண் சுவரோ மணல் நிரப்பிய பெட்டியோ இருக்கட்டும். கல், இரும்பு, தண்ணீர் பக்கம் சுட்டால் தெறிக்கும். தவறிய பெல்லட் 200 மீட்டரைத் தாண்டியும் போகும். சுடுபவர், பக்கத்தில் நிற்பவர் இருவருக்கும் கண்ணாடி வேண்டும். பெல்லட் ஈயம் என்பதால் கை கழுவிய பிறகே சாப்பாடு. பூட்டிவைத்து, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பழகிய பிறகு, மாவட்ட ரைபிள் கிளப்பில் சேர்த்துவிடுங்கள். போட்டிக்கான ரைபிளை அதன் பிறகு யோசிக்கலாம்.

மயிலுக்கு?

விதை முளைத்துத் தலைதூக்கும் வரையிலான பத்து நாள்தான் முக்கியம். காலையிலும் மாலையிலும்தான் மயில் மேய வரும். அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இருக்கட்டும். காட்டைச் சுற்றிப் பழைய சேலை கட்டுங்கள். நடுவில் பளபளக்கும் ரிப்பனை முறுக்கிக் கட்டினால், காற்றில் மின்னி ஓசை எழுப்பும். பழகிவிடாமல் இருக்க, மூன்று நாளைக்கு ஒருமுறை இடத்தை மாற்றுங்கள். செலவும் குறைவு, வழக்கும் வராது.