உயிருக்கு ஈடு உண்டா?

கொலைக்கு ஈடாகப் பொருள் பெறுவது என்றவுடன் நம்மவரிற் பலர் முகம் சுளிக்கின்றனர். "உயிரைத் தராசில் நிறுப்பதா?" என்று கேட்கின்றனர். அது எங்கோ பாலைவனத்து வழக்கம் என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுகின்றனர். இந்த அபிப்பிராயம் சரித்திரத்துக்கு ஒவ்வாது.

நமக்குச் சட்டம் போதிக்க வந்த ஆங்கிலேயரின் முன்னோரே இவ்வழக்கத்தைக் கைக்கொண்டவர்கள். கி.பி. 600-ஐ ஒட்டிக் கென்ட் அரசன் ஈதல்பெர்ட் வகுத்த சட்டம், சாதாரணக் குடியானவனைக் கொன்றதற்கு 100 ஷில்லிங் விதித்தது. பின்னர் வெஸ்ஸெக்ஸ் நாட்டில் குடியானவன் உயிருக்கு 200 ஷில்லிங். பிரபுவின் உயிருக்கு 1,200. நம் நாட்டு ஆபஸ்தம்ப தர்ம சூத்திரமும் க்ஷத்திரியனுக்கு 1,000 பசு, வைசியனுக்கு 100, சூத்திரனுக்கு 10 என்று கணக்கிட்டது. சோழர் காலத்தில் வேட்டையில் தவறிப் பாய்ந்த அம்பினால் ஒருவன் மாண்டால், எய்தவன் கோயில் விளக்குக்கு ஆடுகள் விட வேண்டுமென்று தீர்ப்பளித்த செய்திகளைக் கல்வெட்டுகளிற் காண்கிறோம்.

இவற்றின் கருத்து யாது? பழிக்குப் பழி என்பது முடிவில்லாக் கணக்கு. ஒரு கொலை மறு கொலையை ஈன்று, குலங்களையே அழித்துவிடும். அதை நிறுத்தவே ஈடு பிறந்தது. அது உயிரின் விலையன்று, பகையின் முடிவு. இஸ்லாமியச் சட்டத்தில் 'தியத்' எனப்படும் இவ்வீடு மரபாக 100 ஒட்டகங்கள். அறியாமல் நேர்ந்த கொலைக்கு அதைச் செலுத்த வேண்டும். இறந்தவனின் குடும்பத்தார் விரும்பினால் மன்னித்தும் விடலாம் என்று குர்ஆன் கூறுகிறது.

ஆங்கிலச் சட்டம் பின்னர் கொலையை அரசனுக்கு எதிரான குற்றமாக்கியது. பழிவாங்கும் உரிமை தனி மனிதனிடமிருந்து போயிற்று, அது நன்மையே. ஆனால் விதவையும் குழந்தையும் மறக்கப்பட்டனர். மனிதனின் மரணத்துக்காக நஷ்டஈட்டு வழக்குத் தொடர இயலாது என்று 1808-ல் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். 1846-ல்தான் இங்கிலாந்தில் அதற்குப் பரிகாரச் சட்டம் பிறந்தது, இந்தியாவில் 1855-ல்.

ஈட்டு முறையிலும் குறை உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. செல்வன் பணத்தை வீசித் தப்புகிறான். ஏழை பணமின்றித் தூக்குமேடை ஏறுகிறான். பாகிஸ்தானில் 1990-ல் வந்த சட்டத்தின் கீழ், குடும்ப மானத்தின் பெயரால் தங்கையைக் கொன்ற அண்ணனைத் தந்தையே மன்னித்துவிட முடிந்தது. அக்கொடுமையைத் தடுக்க 2016-ல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. மறுபுறம், சவூதி அரேபியாவில் மரண தண்டனை பெற்றிருந்த ஒரு கேரளத் தொழிலாளிக்காக 2024-ல் பொதுமக்கள் சிறுகச் சிறுகத் திரட்டிய தொகை சுமார் 34 கோடி ரூபாய்! ஜனங்களின் பெருந்தன்மைக்கு இது சான்று. ஆனால் பத்திரிகைகளின் கண்ணிற் படாத ஏழையின் கதி என்ன?

நமது முடிவு இதுதான். தண்டனை சர்க்காரின் கடமை; அதைப் பணத்துக்கு விற்கலாகாது. ஈடு குடும்பத்தின் உரிமை. அதைத் தண்டனையின் பெயரால் மறுக்கலாகாது. உயிருக்கு உயிர் உயர்வு தாழ்வு கற்பிக்கவும் ஆகாது. நம் நாட்டிலும் 2009 இறுதியில் அமலுக்கு வந்த திருத்தம் மாகாண சர்க்கார்களே நஷ்டஈட்டுத் திட்டம் வகுக்கப் பணித்தது. 2024-ல் அமலான புதிய நடைமுறைச் சட்டத்திலும் அவ்வேற்பாடு நிலைத்திருக்கிறது. குற்றவாளி அகப்படாவிடினும், இறந்தவரை அண்டி வாழ்ந்தோர் விண்ணப்பிக்கலாம்.

ஆயினும் உரிமை ஏட்டில் இருந்தால் அடுப்பு எரியாது. கொலை நடந்த ஊருக்குச் சென்று கண்டனத் தீர்மானம் நிறைவேற்றும் தேச ஊழியர்கள், அந்த விதவையின் விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுத்துத் திரும்புவார்களாக.